ரேகைச் சட்டம்: மதுரைச் சீமையில் குற்றப் பரம்பரைச் சட்டம் வேலை செய்த விதம் – ஒரு நிகழ்வு ஆய்வு

இந்திய தண்டனைச் சட்டம் 1860-இல் நிறைவேறி 1862 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்தது. அதன் அடிப்படை எளிது. ஒருவர் ஒரு செயலைச் செய்திருக்க வேண்டும், அதைச் செய்யும் எண்ணம் அவருக்கு இருந்திருக்க வேண்டும். இரண்டையும் அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டும். கூட்டுக் களவைத் தண்டிக்கும் 401-ஆம் பிரிவுகூட, வழக்கமாகத் திருடுவதற்கென்றே சேர்ந்த கும்பலில் இந்த ஆள் இருந்தார் என்பதற்குச் சாட்சி கேட்டது. உச்ச தண்டனை 7 ஆண்டு.

அந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்து 10 ஆண்டுகூட ஆகாத நிலையில், 1871 அக்டோபரில் அதே அரசு குற்றப் பரம்பரைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. இதில் செயலும் வேண்டாம், எண்ணமும் வேண்டாம். ஒரு கூட்டத்தார் ஜாமீனில் விட முடியாத குற்றங்களை முறையாகச் செய்யும் வழக்கம் உள்ளவர்கள் என்று அரசு நம்பினால் போதும். அரசிதழில் ஓர் அறிவிக்கை வெளியிட்டால் அந்தக் கூட்டத்தார் அனைவரும் பட்டியலுக்குள் வந்துவிடுவார்கள். அந்த அறிவிக்கை சரியா தவறா என்று எந்த நீதிமன்றமும் கேட்க முடியாது என்றும் சட்டத்திலேயே எழுதிவைத்தார்கள். அதே சட்டத்தின் இரண்டாம் பகுதி திருநங்கையரைப் பதிவு செய்து கண்காணிக்கச் சொன்னது. திருட்டோடு அதற்கு என்ன சம்பந்தம் என்று கேட்டால், ஊர் ஊராகப் போகிறவர்களும் அரசின் கணக்குக்குள் அடங்காதவர்களும் ஒரே கோப்பில் போடப்பட்டார்கள் என்பதுதான் பதில்.

முன்மாதிரி ஏற்கெனவே இருந்தது. வழிப்போக்கர்களைக் கொன்று கொள்ளையடித்த தக்கர்களை ஒடுக்க 1836-இல் போட்ட சட்டம், தக்கர் கும்பலைச் சேர்ந்தவர் என்பதற்கே ஆயுள் சிறை தந்தது. ஆனால் அங்கேயும் கும்பல் என்பது ஆட்கள் சேர்ந்து உண்டாக்கிய ஒன்று. 1871-இல் அந்த இடத்தில் சாதி வந்து உட்கார்ந்தது. தச்சன் மகன் தச்சன் என்றால் திருடன் மகன் திருடன்தானே என்ற தர்க்கம், இந்தியச் சாதி முறையைத் தாங்கள் புரிந்துகொண்டுவிட்டதாக நினைத்த அதிகாரிகளுக்கு வெகு பொருத்தமாகப் பட்டது.

முதலில் வட இந்தியாவில் மட்டும் செயல்பட்ட இந்தச் சட்டம், 1911-இல் திருத்தி எழுதப்பட்டு நாடு முழுவதற்கும் விரிந்தது. இனி மேலிடத்தைக் கேட்க வேண்டியதில்லை, மாகாண அரசே அறிவிக்கலாம். பத்து விரல் ரேகையும் எடுக்கலாம். உலகின் முதல் கைரேகைப் பணியகம் 1897-இல் கல்கத்தாவில் தொடங்கப்பட்டிருந்தது. அந்தத் தொழில்நுட்பம் கைக்கு வந்ததால்தான் லட்சக்கணக்கான ஆட்களைப் பதிவு செய்யும் யோசனை நடைமுறைக்கு ஒத்துவந்தது. மதுரைப் பக்கத்து மக்கள் இதை ரேகைச் சட்டம் என்றே அழைத்தார்கள்.

காவல் களவான கதை

மதுரைக்கு மேற்கே உசிலம்பட்டி, செக்கானூரணி, திருமங்கலம் வட்டாரம் பிரமலைக் கள்ளர்களின் எட்டு நாடு, இருபத்துநான்கு உபகிராமம். பெரும்பாலும் மானாவாரி நிலம். 1895-இல் பெரியாற்றுத் தண்ணீர் வைகைக்குத் திரும்பியபோது மேலூர்ப் பக்கம் செழித்தது. இந்த மேட்டுப் பகுதிக்கு அது ஏறவில்லை. மழை பொய்த்தால் பிழைப்பும் போயிற்று.

அவர்களின் பழைய வருமானங்களில் ஒன்று காவல். ஒரு கிராமத்தின் ஆடு மாடு, களத்து நெல், வீடு ஆகியவற்றுக்குக் காவல்காரர் பொறுப்பு. அறுவடையில் ஒரு பங்கு அவருக்குக் கூலி. பொருள் களவு போனால் அவர் மீட்டுத் தர வேண்டும், முடியாவிட்டால் ஈடு தர வேண்டும். நாயக்கர் காலத்திலும் பாளையக்காரர் காலத்திலும் இதுதான் போலீஸ். களவு போன மாட்டைத் துப்புப் பிடித்துத் திருப்பித் தருவதற்கு வாங்கும் தொகை துப்புக்கூலி. 1906-இல் வெளியான மதுரை மாவட்ட கெசட்டியர் இதைப் பற்றி விவரமாக எழுதுகிறது.

கும்பினி (கிழக்கிந்தியக் கம்பெனி) ஆட்சி பாளையங்களை ஒழித்து, கிராமப் போலீசைத் தன் கீழே கொண்டுவந்தது. 1859-இல் சென்னை மாகாணப் போலீஸ் சட்டம் வந்தது. அந்த நாளிலிருந்து காவலுக்குச் சட்ட அங்கீகாரம் இல்லை. ஆனால் நிலையம் பத்து மைலுக்கு அப்பால், இருப்பவர்கள் நாலைந்து கான்ஸ்டபிள்கள். களவு போன மாடு விடிவதற்குள் அடுத்த தாலுகாவுக்குப் போய்விடும். அதனால் குடியானவர்கள் காவல்காரரிடமே போனார்கள். நேற்றுவரை கூலி என்று எழுதப்பட்டது இன்று மிரட்டிப் பறித்த பணம் என்று எழுதப்பட்டது. செய்த வேலையும் வாங்கிய பணமும் மாறவில்லை, எழுதியவர்தான் மாறினார்.

இதை வைத்துக் காவல் முறையை அப்பழுக்கற்றதாக்கிவிடக் கூடாது. காவல் தராத ஊரில் மாடு காணாமல் போவது தற்செயல் அல்ல. துப்புக்கூலி வாங்குகிறவரே மாட்டை ஓட்டியவருக்குச் சொந்தக்காரராக இருப்பதும் உண்டு. 1896-இல் அம்மையப்பக் கோன் என்பவர் முன்னின்று நடத்திய பண்டு இயக்கத்தில், திண்டுக்கல் பக்கத்துக் குடியானவர்கள் ஊர்ப் பொதுப்பணம் சேர்த்துக் கள்ளர் காவலை விரட்டினார்கள். அந்தக் கோபத்துக்குக் காரணம் இருந்தது. ஆனால் குடியானவர்கள் எதிர்த்தது காவல் என்ற ஏற்பாட்டை. அதற்குப் பதில் தேடியிருந்தால் போலீஸ் நிலையங்களும் பாசனமும் கடன் வசதியும் வந்திருக்க வேண்டும். அரசு தேர்ந்தெடுத்ததோ பிறப்பை.

கள்ளர் என்ற பெயரே பிறவிக் குற்றத்துக்குச் சான்று என்று வாதிட்ட அதே காலத்தில், புதுக்கோட்டையில் ஆண்ட தொண்டைமான்களும் கள்ளர்களே. கர்நாடகப் போர்க் காலத்திலிருந்து ஆங்கிலேயரின் நம்பிக்கைக்குரிய கூட்டாளிகள். அவர்களிடம் யாரும் ரேகை கேட்கவில்லை.

பதிவு நடந்த விதம்

1914-இல் முதலில் கீழக்குயில்குடிக் கள்ளர்கள் அறிவிக்கப்பட்டார்கள். சில ஆண்டுகளுக்குள் பிரமலைக் கள்ளர் முழுவதும் உள்ளே வந்தார்கள். காகிதத்தில் வேலை இப்படி நகர்ந்தது.

போலீஸ் சூப்பரின்டெண்டென்ட் ஒரு குறிப்பு எழுதுவார்: இன்ன ஊரில் இத்தனை பேர், இத்தனை பழைய தண்டனைகள், வெளிப்படையான பிழைப்பு போதாது. கலெக்டர் அதை மேலே அனுப்புவார். அரசிதழில் அறிவிக்கை வரும். மாவட்ட மாஜிஸ்திரேட் தண்டோரா போட்டு, குறித்த நாளில் குறித்த இடத்தில் ஆஜராகி விவரம் சொல்லி ரேகை வைக்க உத்தரவிடுவார். வராதது தனிக் குற்றம். பதிவேடு முடிந்ததும் அது போலீஸ் வசம் போகும். பெயர் தவறாகச் சேர்ந்துவிட்டது என்று நினைப்பவர் அதே மாஜிஸ்திரேட்டிடம்தான் மனுப் போடலாம். ஆனால் தான் திருடன் இல்லை என்று காட்டி அங்கே பயனில்லை. தான் அந்தச் சாதி இல்லை என்று காட்ட வேண்டும். விலக்கு கேட்கவும் வழி இருந்தது. நிலபுலன், நல்ல பெயர், கிராம முன்சீப்பின் பரிந்துரை உள்ளவருக்கு அது கிடைக்கும். ஆக, விலக்குப் பட்டியல் ஊரின் செல்வாக்குப் பட்டியலாகவே இருந்தது.

பதிவானவருக்கு இரண்டு நிலைக் கட்டுப்பாடு. ஒன்று, குடியிருக்கும் இடத்தையும் அதன் மாற்றத்தையும் தெரிவிப்பது. மற்றொன்று, குறித்த நேரங்களில் நேரில் ஆஜராவது. இரண்டாவதுதான் உயிரை எடுத்தது. இரவில் நிலையத்திலோ ஊர்ச் சாவடியிலோ ஆஜராக வேண்டும். சில இடங்களில் இரவு 11 மணிக்கு ஒரு முறை, விடியற்காலை 3 மணிக்கு மறுமுறை. பல ஊர்களில் ஆண்கள் சாவடியிலேயே படுத்துவிட்டார்கள். வெளியூர் போக ராதாரிச் சீட்டு வேண்டும். எந்த ஊருக்கு, எதற்கு, எத்தனை நாள் என்று அதில் இருக்கும். போய்ச் சேர்ந்த ஊரிலும் அதைக் காட்ட வேண்டும். சீட்டு இல்லாமல் எல்லைக்கு வெளியே கண்டால் வாரண்ட் இல்லாமலே பிடிக்கலாம்.

1924-இல் சட்டங்களை ஒன்றுசேர்த்து மறுபடி எழுதினார்கள். அதன் 23-ஆம் பிரிவின்படி, அட்டவணையில் உள்ள குற்றம் ஒன்றில் இரண்டாம் முறை தண்டனை பெற்றால், சிறப்புக் காரணம் எழுதினால் ஒழிய 7 ஆண்டுக்குக் குறையாத சிறை. மூன்றாம் முறை ஆயுளுக்கும் நாடு கடத்தல். களவு செய்யும் தறுவாயில் இருந்ததாகச் சந்தேகப்படும்படி ஓர் இடத்தில் நின்றாலே 3 ஆண்டு வரை. ஒரே மாட்டைத் திருடிய இரண்டு பேரில் ஒருவர் குற்றப் பரம்பரைப் பட்டியலில் உள்ள சாதி என்றால், அவருக்கும் மற்றவருக்கும் தண்டனையில் ஆண்டுக் கணக்கில் வித்தியாசம்.

எங்கே பிசகியது

முதல் பிசகு விவசாயத்தில். கிணற்றுப் பாசனத்திலும் கண்மாய்ப் பாசனத்திலும் தண்ணீர் முறை வைத்துத்தான் வரும். உங்கள் முறை நடுச்சாமத்தில் வந்தால் நடுச்சாமத்தில்தான் மடை திறக்க வேண்டும். சாவடியில் படுத்திருப்பவருக்கு அந்த முறை போய்விடும், அல்லது தண்ணீர் பாய்ச்சப் போய்ச் சட்டத்தை மீற வேண்டும். அறுவடைக் கூலிக்கு வேறு தாலுகாவுக்குப் போவதும், மாட்டுத் தாவணிக்குப் போவதும், சாவு வீட்டுக்கு அன்றைக்கே போவதும் இப்படித்தான். ஒருவரை நேர்மையான பிழைப்புக்குத் திருப்பவே சட்டம் என்றார்கள். கைக்கு எட்டிய பிழைப்பு அத்தனையும் சீட்டுக்குக் காத்துக் கிடந்தது.

இரண்டாவது, சீட்டு கொடுக்கும் கை. அதைக் கொடுப்பவர் கிராம அதிகாரியோ ஏட்டோ. ஒரு கையெழுத்துக்கு ஒருநாள் வேலை, ஒரு கோழி, ஒரு படி நெல். ஊர்ப் பகை உள்ளவர் எதிராளியை உள்ளே தள்ளச் சாட்சி தேட வேண்டியதில்லை. நேற்றிரவு சாவடியில் ஆள் இல்லை என்ற ஒரு வரி போதும்.

மூன்றாவதுதான் இந்த நிகழ்வின் மையம். வருகை தவறினால் தண்டனை. முதல் தண்டனைக்குப் பிறகு இரண்டாவதற்கு அதிகம், மூன்றாவதற்கு இன்னும் அதிகம். இந்தத் தண்டனைகளெல்லாம் அந்தச் சாதியின் குற்றக் கணக்கில் ஏறும். அடுத்த ஆண்டு நிர்வாக அறிக்கையில், இந்தக் கூட்டத்தாரில் இத்தனை பேர் தண்டிக்கப்பட்டனர் என்று வரும். அதைப் படித்த அதிகாரி கட்டுப்பாட்டை நீட்டிக்கப் பரிந்துரைப்பார். களவே நடக்காத ஓர் ஊர்கூட இந்தக் கணக்கில் குற்றம் மலிந்த ஊராகத் தெரியும். இந்தக் காலத்துப் புள்ளிவிவரத்தை எடுத்துப் படிப்பவர்கள் முதலில் செய்ய வேண்டியது, தண்டனைச் சட்டத்தின் கீழ் வந்த வழக்குகளையும் குற்றப் பரம்பரைச் சட்டத்தையே மீறியதற்கான வழக்குகளையும் பிரித்து வைப்பது. இரண்டையும் கூட்டிய எண்ணைக்கொண்டு அந்த மக்களைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது.

நான்காவது, உண்மையான களவைப் பிடிக்கும் திறன் குறைந்தது. மாடு காணாமல் போனால் பதிவேட்டைத் திறந்து பத்துப் பேரை அழைத்துவருவதே விசாரணை என்றாயிற்று. பதிவேட்டில் இல்லாத திருடனுக்கு அதைவிட நிம்மதி ஏது?

பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி ரேகை எடுக்க வந்த போலீஸ் படையை மக்கள் மறித்தார்கள். தங்கள் ஊரில் களவு வழக்கு இல்லை, நாங்கள் உழுது பிழைப்பவர்கள் என்பது அவர்கள் வாதம். துப்பாக்கிச் சூட்டில் மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் இறந்தார்கள். குண்டடி பட்டுக் கிடந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கப் போனவர் அவர் என்று அந்தப் பக்கத்தில் சொல்வார்கள். மதுரையில் வழக்கறிஞராக இருந்த ஜார்ஜ் ஜோசப் கள்ளர்களுக்காக வாதாடினார். மக்கள் அவருக்கு வைத்த பெயர் ரோசாப்பூ துரை.

பள்ளியும் குடியேற்றமும்

துப்பாக்கிச் சூட்டை ஒட்டி அரசு ரேகையோடு சீரமைப்பையும் சேர்த்தது. கள்ளர் சீரமைப்புத் திட்டத்தில் தனிப் பள்ளிகள், கூட்டுறவுச் சங்கங்கள், கிணறு வெட்டக் கடன், ஆலை வேலைக்கு ஆள் அனுப்புவது ஆகியவை வந்தன. பள்ளிகள் பலன் தந்தன என்பதில் சந்தேகமில்லை. கள்ளர் சீரமைப்புத் துறையின் பள்ளிகள் மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் இன்றும் நடக்கின்றன. அதே காலத்தில் அதே ஊரில் இரவு வருகையும் தொடர்ந்ததால், எது எதனால் விளைந்தது என்று பிரிக்க வேண்டும். படிப்பும் தண்ணீரும் மில் சம்பளமும் வந்த இடத்தில் களவு குறைந்தது. போலீஸ் அந்தப் பெருமையைப் பதிவேட்டின் பேரில் எழுதிக்கொண்டது.

கொரவர்களுக்கு நேர்ந்தது இன்னும் கடுமை. கழுதைகளிலும் மாடுகளிலும் உப்பும் தானியமும் ஏற்றி ஊர் ஊராக விற்றவர்கள் அவர்கள். உப்பு அரசின் ஏகபோகமானது, ரயில் வந்தது, காட்டுச் சட்டம் மேய்ச்சலை மூடியது, 1876–78 தாது வருஷப் பஞ்சம் மிச்சத்தையும் கொண்டுபோனது. தொழில் போனவர்களை ஊர்சுற்றிகள் என்று அறிவித்து, குற்றப் பரம்பரைச் சட்டத்தின் 16-ஆம் பிரிவின் கீழ் முள்வேலிக் குடியேற்றங்களில் அடைத்தார்கள். அன்றைய குண்டூர் மாவட்டத்து ஸ்டூவர்ட்டுபுரத்தை 1910-களில் சால்வேஷன் ஆர்மி என்ற கிறிஸ்தவத் தொண்டு அமைப்பு நடத்தியது. ஊருக்கு ஆளுநர் குழு உறுப்பினர் ஹெரால்டு ஸ்டூவர்ட்டின் பெயர். பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துப் பள்ளியில் வைக்கச் சட்டம் இடம் தந்தது. பக்கத்து ஆலைகளுக்கும் கல்குவாரிகளுக்கும் ஓடிப்போக முடியாத கூலியாட்கள் கிடைத்தார்கள். சீர்திருத்தம் என்ற சொல்லுக்குப் பின்னால் யாருக்கு லாபம் என்று பார்க்க, அந்தக் குடியேற்றங்களின் கூலிக் கணக்கைப் பார்த்தால் போதும்.

ரத்துக்குப் பின்

1929-இல் முதுகுளத்தூர்ப் பக்கத்து ஆப்பநாட்டு மறவர்கள் மீதும் சட்டம் பாய்ந்தது. முத்துராமலிங்கத் தேவர் அதை எதிர்த்து மக்களைத் திரட்டினார், கம்யூனிஸ்ட் தலைவர் ஜீவானந்தமும் பேசினார். 1937-இல் ஆட்சிக்கு வந்த ராஜாஜி அமைச்சரவை ரத்து செய்யவில்லை. 1947-இல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் ஆட்சியில், உள்துறை அமைச்சர் பி. சுப்பராயன் பொறுப்பில் சென்னை மாகாணத்தில் சட்டம் ரத்தானது. நாடு முழுவதும் ரத்தானது 1952 ஆகஸ்ட் 31-இல்.

ஆனால் 1948-இலேயே சென்னை மாகாணத்தில் வழக்கமான குற்றவாளிகள் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்துவிட்டது. இதில் சாதி இல்லை; குறைந்தது மூன்று முறை சிறைத் தண்டனை பெற்றவர் என்பதே அளவுகோல். பெரிய முன்னேற்றம்தான், மறுக்க வேண்டாம். குறை எங்கே என்றால், அந்த மூன்று தண்டனைகள் பலருக்குப் பழைய சட்டத்தின் கீழ் விழுந்தவை, அல்லது பழைய பதிவேட்டை வைத்துப் போட்ட வழக்குகளில் விழுந்தவை.

ஒருவரைச் செய்த செயலுக்காகப் பிடிப்பதா, அவர் எப்படிப்பட்டவர் என்பதற்காகப் பிடிப்பதா என்ற கேள்வி இன்று மூன்று இடங்களில் எழுகிறது. ஒன்று, ஒருவரைக் கண்காணிக்கப் போலீஸ் நிலையம் வைத்திருக்கும் ஹிஸ்டரி ஷீட் என்ற கோப்பு. தண்டனையே இல்லாமல், சந்தேகத்தின் பேரிலும் திறக்கலாம். சமூகத்தில் பின்தங்கிய பிரிவினர் என்பதற்காக இயந்திரத்தனமாகப் பெயர் சேர்க்கக் கூடாது என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. அதே ஆண்டு அக்டோபரில், சிறை விதிகளில் இருந்த சாதி அடிப்படையிலான வேலைப் பிரிவினையையும் சீர்மரபினரை, அதாவது பழைய குற்றப் பரம்பரைப் பட்டியலில் இருந்த சமூகத்தாரை, வழக்கமான குற்றவாளிகளாகக் கருதும் வரிகளையும் அது நீக்கியது.

இரண்டாவது, இனி ஒழுங்காக நடப்பேன் என்று எழுதி வாங்கும் நன்னடத்தைப் பிணை. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 110-ஆம் பிரிவு இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 129. ‘வழக்கமாக’ என்ற சொல்லைச் சுற்றியே இது நிற்கிறது. இப்படி ஒரு நோட்டீஸ் கையில் வந்தால் பார்க்க வேண்டியவை: கிடைத்த தகவலின் சாரம் எழுத்தில் இருக்கிறதா, அல்லது குற்ற எண்கள் மட்டும் அடுக்கப்பட்டிருக்கின்றனவா, அந்த வழக்குகள் எந்த நிலையில் உள்ளன, விடுதலையானவையும் சேர்ந்திருக்கின்றனவா, விசாரணை தொடங்கி 6 மாதம் தாண்டிவிட்டதா, பிணைத்தொகை கட்டக்கூடிய அளவா. தமிழ்நாட்டில் போலீஸ் துணை ஆணையர்களுக்கே நிர்வாக மாஜிஸ்திரேட் அதிகாரம் தந்த அரசாணைகளை 2023-இல் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. நன்னடத்தைப் பிணையை மீறினார் என்று நிர்வாக மாஜிஸ்திரேட் தாமே சிறைக்கு அனுப்ப முடியாது என்றும் சொன்னது. பிடிப்பவரும் பிணை கேட்பவரும் சிறையில் போடுபவரும் ஒரே துறை என்ற ஏற்பாடு அதுவரை ஓடிக்கொண்டிருந்தது.

மூன்றாவது, 1982-ஆம் ஆண்டின் 14-ஆம் சட்டம், பேச்சு வழக்கில் குண்டர் சட்டம். விசாரணை இல்லாமல் 12 மாதம் வரை காவலில் வைக்கலாம். உத்தரவை 12 நாளுக்குள் அரசு ஏற்க வேண்டும், காரணங்களை 5 நாளுக்குள் கைதிக்குத் தர வேண்டும், 3 வாரத்துக்குள் அறிவுரைக் குழுமத்துக்கு அனுப்ப வேண்டும், குழுமம் 7 வாரத்துக்குள் சொல்ல வேண்டும். உயர் நீதிமன்றத்தில் உத்தரவுகள் உடைவது பெரும்பாலும் இந்த நாள் கணக்கில்தான்: மனுவைப் பரிசீலிக்கத் தாமதம், படிக்க முடியாத நகல், கைதிக்குத் தெரியாத மொழியில் ஆவணம். குற்றம் செய்தாரா என்ற கேள்விக்கு அங்கே இடமே வருவதில்லை.

பழைய பட்டியல் இப்போது வேறு மேசையில் இருக்கிறது. தமிழ்நாட்டில் 68 சமூகங்கள் சீர்மரபினர். 1979-இல் ஓர் அரசாணை அவர்களைச் சீர்மரபினர் பழங்குடியினர் என்பதிலிருந்து சீர்மரபினர் வகுப்பினர் என்று மாற்றியது. மாநில இடஒதுக்கீட்டுக்கு அது போதும், மத்திய அரசின் திட்டங்களுக்குப் பழங்குடியினர் என்ற சொல் வேண்டும். போராட்டங்களுக்குப் பிறகு 2019 மார்ச்சில் இரண்டு பெயரிலும் சான்றிதழ் தர உத்தரவு வந்தது. 2024 மார்ச்சில் ஒரே சான்றிதழ் தரப்படும் என்று அரசு அறிவிக்கும்வரை, கல்லூரி விண்ணப்பத்தோடு தாலுகா அலுவலகத்தில் நின்ற பிள்ளைகள் எந்தச் சான்றிதழை எந்த விண்ணப்பத்தில் வைக்க வேண்டும் என்று கேட்டுத் தெரிந்துகொண்டுதான் வாங்க வேண்டியிருந்தது.